ஆயிரம் பிழை காட்டும் க்ளீனர்

"பாப்பா, கம்ப்யூட்டர்ல ஆயிரத்து நானூறு பிழை இருக்குன்னு செவப்பா காட்டுது. பணம் கட்டுனா சரி பண்ணிருமாம். கட்டிறட்டுமா?"

ஆடி மாதத்தில் ஒரு அச்சகத்து அண்ணாச்சி போனில் கேட்டது இது. சிவகாசியில் ஆடிப்பெருக்கை ஒட்டித்தான் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அந்த வாரம் இங்கே யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. கணினி நின்றால் டிசைன் நிற்கும், டிசைன் நின்றால் பிளேட் நிற்கும், பிளேட் இல்லாமல் மெஷின் ஓடாது. அப்படி ஒரு நெருக்கடியில் இருப்பவர் இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு யோசிக்க மாட்டார், கட்டிவிடுவார்.

"கட்டாதீங்க அண்ணாச்சி. நெட் வயரை மட்டும் உருவிட்டு அப்படியே வைங்க. நான் வாரேன்" என்றேன்.

இந்த ஊரில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள் நான். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அச்சகக்காரர்கள், டிசைன் செய்து கொடுக்கும் பிள்ளைகள், பட்டாசுக் கடைக் கணக்கர்கள். உண்மையான வைரஸோடு வரும் கணினிகளைவிட, வைரஸ் இருப்பதாகப் பயமுறுத்தும் மென்பொருளோடு வருபவை அதிகம். க்ளீனர், பூஸ்டர், ஆப்டிமைசர், டிரைவர் அப்டேட்டர் என்று பெயர்கள் மாறும். செய்கிற வேலை ஒன்றுதான்: பெரிய எண் ஒன்றைக் காட்டி, அதைக் குறைக்கக் காசு கேட்பது.

அந்த எண் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். விண்டோஸுக்குள் ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று உண்டு. அச்சகத்து ஆர்டர் நோட்டைப் போல, எந்த மென்பொருள் வந்தது, எந்த ஃபைலை எது திறக்க வேண்டும் என்று கணினி எழுதி வைத்துக்கொள்ளும் இடம். நோட்டில் பழைய வாடிக்கையாளரின் பெயர் அடிக்கப்படாமல் கிடப்பதுபோல, எப்போதோ நீக்கிய மென்பொருளின் வரிகள் அங்கே மிச்சமிருக்கும். ஒவ்வொன்றும் சில பைட்தான். அவற்றால் கணினி மெதுவாவதில்லை. இந்த க்ளீனர்கள் அப்படி ஒவ்வொரு வரியையும் ஒரு 'பிழை' என்று எண்ணும். பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் குக்கி ஒவ்வொன்றும் 'தனியுரிமை ஆபத்து'. தற்காலிக ஃபைல் ஒவ்வொன்றும் 'குப்பை'. மூன்றையும் கூட்டிச் சிவப்பில் போட்டால் ஆயிரத்து நானூறு சாதாரணமாக வந்துவிடும். நேற்று விண்டோஸ் போட்ட புதுக் கணினியிலும் நூற்றுக்கணக்கில் வரும். ரெஜிஸ்ட்ரி க்ளீனர்களைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதே இல்லை. இருந்தும் அதன் பெயரையும் நான்கு வண்ணச் சதுரத்தையும் ஒட்டிக்கொண்டுதான் இவை வந்து நிற்கின்றன.

சில நேரம் ஸ்கேன் செய்யவே தேவையிருக்காது. இந்தத் தொழிலை எனக்கு நன்றாகப் புரியவைத்தது அமெரிக்காவின் ஆஃபிஸ் டிப்போ விவகாரம். கணினி, காகிதம், பிரிண்டர் விற்கும் பெரிய சங்கிலிக் கடை அது. கணினி மெதுவாக இருக்கிறது என்று வருகிறவர்களுக்கு 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் சோதனை நடத்தினார்கள். தொடக்கத்தில் நான்கு கேள்விகள்: கணினி மெதுவாகிவிட்டதா, அடிக்கடி பாப்-அப் வருகிறதா, திடீரென்று நின்றுபோகிறதா, வைரஸ் எச்சரிக்கை வருகிறதா. நான்கில் ஏதாவது ஒரு பெட்டியில் டிக் அடித்தால் போதும், வைரஸ் அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும். இடையில் ஓடிய ஸ்கேனுக்கும் முடிவுக்கும் சம்பந்தமே கிடையாது என்றது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன். அந்த முடிவைக் காட்டி நூற்றுக்கணக்கான டாலருக்குப் பழுதுபார்ப்பு விற்றார்கள். 2016இல் சியாட்டில் நகரத் தொலைக்காட்சி ஒன்று, பெட்டியைப் பிரித்த புதுக் கணினிகளைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தது. அவற்றிலும் வைரஸ் அறிகுறி என்று சொன்னார்கள். 2019இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆஃபிஸ் டிப்போ இரண்டரைக் கோடி டாலரும், அந்த மென்பொருளைக் கொடுத்த சப்போர்ட்.காம் ஒரு கோடி டாலரும் கட்டின.

கேள்விகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். சர்வீஸுக்கு வருகிறவரில் யார் 'இல்லை, இல்லை' என்று நான்கு முறையும் சொல்வார்? மெதுவாக இருப்பதால்தானே வந்திருக்கிறார்! இதைச் செய்தது இருட்டறையில் உட்கார்ந்திருந்த திருடன் இல்லை, சீருடை போட்ட ஊழியர்கள் நிற்கும் கடை. அதனால்தான் எனக்கு இது மறக்கவில்லை. என் கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்: நான் 'வைரஸ் இருக்கு' என்று சொன்னால், எங்கே, என்ன ஃபைல், காட்டு என்று கேளுங்கள். உண்மையாகக் கண்டுபிடித்த எந்த ஸ்கேனரும் ஃபைலின் பெயரையும் அது கிடக்கும் இடத்தையும் சொல்லும். வெறும் எண்ணிக்கை மட்டும் காட்டுவது கணக்காகாது.

இந்த வியாபாரத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 2000களில் வின்ஃபிக்ஸர், டிரைவ் க்ளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்று பல பெயர்களில் போலி மென்பொருள் விற்ற இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனம், பெலீஸ் நாட்டில் பதிவு செய்துவிட்டு உக்ரைன் தலைநகர் கீவில் அலுவலகம் நடத்தியது. உண்மையான நிறுவனங்களுக்காக விளம்பரம் கொடுப்பதாகச் சொல்லி, நல்ல இணையதளங்களிலேயே விளம்பர இடம் வாங்கி, அங்கிருந்து மக்களைப் போலி ஸ்கேன் பக்கத்துக்கு இழுத்தார்கள். 2008 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் தடை போட்டபோது, ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கு மேல் என்று கணக்குச் சொன்னார்கள். இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2024 மார்ச்சில், சைப்ரஸைச் சேர்ந்த ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரு நிறுவனங்கள் இதே மாதிரிக் குற்றச்சாட்டில் 2 கோடியே 60 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

அண்ணாச்சியின் கணினிக்கு அந்த க்ளீனர் எப்படி வந்தது? அவருக்குத் தெரியாது, டிசைனர் தம்பிக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. இங்கே பெரும்பாலும் நான்கு வாசல்கள். இலவசத் தமிழ் எழுத்துரு தேடுவது முதலாவது. வாடிக்கையாளர் அனுப்பிய வேர்டு ஃபைல் பழைய எழுத்துருவில் கட்டம் கட்டமாகத் திறக்கும். அதை மாற்ற ஏதோ ஒரு கன்வெர்ட்டரை இறக்குவார்கள். அடுத்தது பிடிஎஃப்பைப் பிரிக்கிற, சேர்க்கிற மென்பொருள். மூன்றாவது பிரிண்டர் டிரைவர். கம்பெனியின் தளத்துக்குப் போகாமல் தேடலில் முதலில் வந்த விளம்பரத்தை அமுக்குவது. நான்காவது, எல்லோருக்கும் தெரிந்ததும் யாரும் வாய் திறக்காததும்: கிராக் போட்ட கோரல்டிராவும் போட்டோஷாப்பும்.

முதல் மூன்றிலும் சூட்சுமம் ஒன்றே. பக்கத்தில் பச்சையாக 'டவுன்லோட்' என்று மூன்று நான்கு பொத்தான்கள் மின்னும், அவற்றில் உண்மையானது எது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. கண்டுபிடித்தாலும், இன்ஸ்டால் செய்யும்போது 'எக்ஸ்பிரஸ், பரிந்துரைக்கப்படுவது' என்பதைத் தேர்ந்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போனால், நடுவில் டிக் அடித்தே வைத்திருந்த வேறு இரண்டு மென்பொருளும் சேர்ந்து இறங்கிவிடும். இப்படி இறங்கும் ஒவ்வொன்றுக்கும் அதைக் கட்டி அனுப்பியவருக்குக் கமிஷன் உண்டு. பேர் பெற்ற தளங்களும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. நெட்வொர்க் வல்லுநர்கள் பயன்படுத்தும் என்மேப் என்ற இலவச மென்பொருளை, சிநெட் நிறுவனத்தின் டவுன்லோட்.காம் தளம் தன் சொந்த இன்ஸ்டாலருக்குள் டூல்பாரோடு பொதிந்து கொடுத்தது. 2011 டிசம்பரில் என்மேப்பை எழுதியவரே அதை வெளிப்படையாகக் கண்டித்தார். 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்து ஒவ்வொரு திரையையும் படிப்பது அலுப்புதான், வேறு வழியில்லை.

கிராக் விஷயம் இதைவிட மோசம். 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று அதிலேயே எழுதியிருக்கும், நம் பிள்ளைகளும் அணைப்பார்கள். ஜிப் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள். ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காக. சில கிராக்குகள் போகிற போக்கில் இன்னொன்றையும் செய்துவிடும்: விண்டோஸ் டிஃபெண்டரின் 'எக்ஸ்குளூஷன்' பட்டியலில் சி டிரைவ் முழுவதையும் சேர்த்துவிடும். அதன்பிறகு டிஃபெண்டர் பச்சை டிக் காட்டிக்கொண்டே இருக்கும், எதையும் பார்க்காது. அண்ணாச்சியின் கணினியில் நான் முதலில் திறந்து பார்த்ததே அந்தப் பட்டியலைத்தான். விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ் என்று போனால் கீழே இருக்கும். நீங்கள் சேர்க்காதது எதுவும் அங்கே இருக்கக்கூடாது.

வீட்டுக் கணினியில் எச்சரிக்கை வந்தால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, அது எங்கிருந்து வருகிறது என்பதை. பிரவுசரைத் திறந்தபோது மட்டும் முழுத் திரையையும் மறைத்து, சைரன் சத்தத்தோடு 'உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று வந்தால், அது வெறும் இணையப் பக்கம். கணினிக்குள் எதுவும் வரவில்லை. எஸ்கேப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். போகவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பிரவுசரை மூடிவிடலாம். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள்.

திரையின் வலது கீழ் மூலையில் சின்னப் பெட்டியாக 'ஐந்து வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது' என்று அடிக்கடி எட்டிப் பார்த்தால், அது பிரவுசரின் நோட்டிஃபிகேஷனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கூர்ந்து பார்த்தால் குரோம் என்றும், ஏதோ ஒரு தளத்தின் பெயரும் பொடி எழுத்தில் இருக்கும். படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போன தளத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்தவும்' என்று கேட்டிருக்கும், வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்கினால் அத்தோடு தீர்ந்தது. என் கடைக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு வரும் பலருக்கு இவ்வளவுதான் வேலை. காசு வாங்கக் கூச்சமாக இருக்கும், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

தேடலில் எதைத் தட்டினாலும் வேறு ஏதோ தேடுபொறிக்குப் போனால் எக்ஸ்டென்ஷன்களைப் பாருங்கள். கூப்பன், பிடிஎஃப், வானிலை என்று நல்ல பிள்ளை போலப் பெயர் வைத்திருக்கும். நீக்கும் பொத்தானே இல்லாமல், மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று ஆங்கிலத்தில் காட்டினால், வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம் என்று சந்தேகப்பட வேண்டும். ஆட்வேர் எனப்படும் விளம்பர மென்பொருள் ரெஜிஸ்ட்ரி வழியாகத் தன்னை அங்கே கட்டாயப்படுத்தி வைத்திருக்கலாம். (சில ஆன்டிவைரஸ்களும் இந்த வரியை வரவழைக்கும், உடனே பதற வேண்டாம்.) இன்னொன்று: குரோமில் கூகுள் கணக்கோடு நுழைந்திருந்தால், ஒரு கணினியில் நீக்காமல் விட்ட எக்ஸ்டென்ஷன் ஒத்திசைவு வழியாக மறுபடி எல்லாவற்றிலும் வந்து உட்காரும். வீட்டிலும் கடையிலும் ஒரே கணக்கு வைத்திருப்பவர்கள் இரண்டிலும் நீக்க வேண்டும்.

கணினி ஆன் ஆனவுடன் தானாகத் திறந்து ஸ்கேன் ஓட்டுகிறது என்றால், அப்போதுதான் அது உள்ளே குடியேறியிருக்கிறது. அண்ணாச்சியின் கதை இதுதான். நெட் இணைப்பைத் துண்டித்த பிறகு நான் கன்ட்ரோல் பேனலில் மென்பொருள் பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தினேன். கோளாறு தொடங்கிய நாளில் நான்கு பெயர்கள் அடுத்தடுத்து நின்றன: க்ளீனர், டிரைவர் அப்டேட்டர், ஒரு தேடல் உதவி, அர்த்தமில்லாத எழுத்துகளாலான ஒன்று. பெயரை வைத்துத் தேடினால் தப்பிவிடும், தேதியை வைத்துத் தேடினால் கூட்டாளிகளோடு மாட்டும்.

அன்இன்ஸ்டால் கொடுத்தால் இவை எளிதில் போகாது. 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, நிச்சயமாகவா?' என்று கேட்கும். அறுபது சதவீதத் தள்ளுபடி தரும். பெரிய பச்சைப் பொத்தான் 'வைத்துக்கொள்' என்பதற்கு, 'நீக்கு' என்பது சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக ஓரத்தில் கிடக்கும். நிதானமாகப் படித்து அந்தப் பொடி எழுத்தையே அமுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருப்பதால் நீக்க முடியவில்லை என்று அடம்பிடித்தால், ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, சேஃப் மோடுக்குப் போய் நீக்கலாம்.

நீக்கிய பிறகும் மறுநாள் திரும்பி வருவதாகப் பலர் சொல்வார்கள். காரணம் பெரும்பாலும் டாஸ்க் ஷெட்யூலரில் இருக்கும். நீங்கள் லாகின் செய்யும்போதெல்லாம் அந்த மென்பொருளை மறுபடி இறக்கு, அல்லது இந்த இணையப் பக்கத்தைத் திற என்று ஒரு கட்டளை அங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியையும் அதோடு பார்க்க வேண்டும். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து பிராபர்டீஸில் 'டார்கெட்' பெட்டியைப் பாருங்கள். கடைசியில் ஏதாவது இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், குரோமைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் வருவது அதனால்தான். நெட்வொர்க் செட்டிங்ஸில் நீங்கள் வைக்காத பிராக்ஸி இருந்தால் அணைத்துவிடுங்கள். அதன் வழியாகத்தான் விளம்பரம் நுழைகிறது.

கையால் பிடுங்கிய பிறகுதான் நான் ஸ்கேனர் ஓட்டுவேன். ஆட்வேருக்கென்றே எழுதப்பட்ட ஆட்வ்க்ளீனர் சின்ன மென்பொருள், இலவசம், இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. 2016இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் அதை வாங்கியது, அவர்கள் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். பிறகு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். கணினியை அணைத்து, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதிப்பதால் ஒளிந்திருப்பதற்கு இடம் குறைவு. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் பகுதிக்குள் 'விரும்பத்தகாத மென்பொருளைத் தடு' என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். எல்லாம் முடிந்ததும் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பேன். இலவசமாக ஸ்கேன் செய்து, பயமுறுத்தும் செய்தி காட்டி, காசு கொடுக்க வற்புறுத்தும் க்ளீனர்களை விரும்பத்தகாதவை என்று வகைப்படுத்தி நீக்கப்போவதாக மைக்ரோசாஃப்டே அறிவித்து, 2018 மார்ச் 1 முதல் செய்தும் வருகிறது. அதற்கு முன் இதைச் செய்யாமல் இத்தனை ஆண்டு விட்டு வைத்தது ஏன் என்று எனக்கு இன்றும் கோபம்தான்.

ஒரு எச்சரிக்கை. அந்த க்ளீனரின் பெயரைப் போட்டு 'நீக்குவது எப்படி' என்று தேடினால் வரும் பக்கங்களில் பல, முடிவில் வேறொரு க்ளீனரை இறக்கச் சொல்லும். ஒருவனை விரட்ட இன்னொருவனைக் கூப்பிட்ட கதை ஆகிவிடும். நல்ல பெயர் எடுத்ததும் எப்போதும் காப்பாற்றாது: உலகம் முழுக்கப் பிரபலமான சிக்ளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே 2017இல் திருட்டு நிரல் நுழைக்கப்பட்டு, 22 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளில் அது இறங்கியது. குப்பையை அள்ள விண்டோஸிலேயே டிஸ்க் க்ளீனப்பும் ஸ்டோரேஜ் சென்ஸும் இருக்கின்றன. அண்ணாச்சியின் கணினி உண்மையிலேயே மெதுவாகத்தான் இருந்தது. நான்கு ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், சி டிரைவ் விளிம்பு வரை காலண்டர் டிசைன்கள். எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன். அதை எந்த க்ளீனரும் செய்ய முடியாது.

சிலர் எச்சரிக்கைத் திரையில் காட்டும் எண்ணுக்குப் போன் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். எதிர்முனையில் பேசுகிறவர் கணினியில் 'ஈவென்ட் வியூவர்' திறக்கச் சொல்லுவார். சிவப்பும் மஞ்சளுமாக வரிசை வரும். நல்ல கணினியிலும் அப்படித்தான் வரும். பிறகு கறுப்புத் திரையில் ஒரு கட்டளை கொடுக்கச் சொல்லி, '888டிசிஏ60' என்று தொடங்கும் நீண்ட எண்ணைப் படிப்பார். "இது உங்கள் கணினியின் தனி அடையாள எண், எங்களிடம் பதிவாகியிருக்கிறது பாருங்கள்" என்பார். எல்லா விண்டோஸிலும் அதே எண்தான் இருக்கும், என் கடையில் உள்ள எதிலும் பார்க்கலாம். இப்படிப் பேசும் கால் சென்டர்கள் பல நம் நாட்டிலேயே இயங்கின. மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகார்களின் பேரில் சிபிஐ 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா 2' நடவடிக்கையாக 76 இடங்களில் சோதனை நடத்தியது.

தொலைவிலிருந்து கணினியை இயக்க அனுமதி கொடுத்துவிட்டீர்கள் என்றால், நெட்டைத் துண்டித்து, அவர்கள் இறக்கச் சொன்ன மென்பொருளை நீக்குங்கள். வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியில் மாற்றாமல் உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள். கிராக் போட்ட கணினி என்றாலும் பாஸ்வேர்டுகளை இப்படித்தான் மாற்ற வேண்டும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் நிரல்கள் அந்த வழியாகத்தான் அதிகம் வருகின்றன.

பணம் கட்டியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் போன நேரம், பரிவர்த்தனை எண், திரையின் போட்டோ மூன்றும் கையில் இருக்கட்டும். கார்டில் கட்டியவர்கள் வங்கிச் செயலியில் தானியங்கிப் பிடித்தம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து ரத்து செய்ய வேண்டும். இந்த மென்பொருட்கள் ஆண்டுச் சந்தா என்றே விற்கப்படுகின்றன. சில மாதம் கழித்து, "அந்தக் கம்பெனியை மூடிட்டோம், உங்க பணத்தைத் திருப்பித் தாரோம், கம்ப்யூட்டரை ஆன் பண்ணுங்க" என்று ஒரு போன் வரலாம். ஏமாந்தவர்களின் பட்டியலும் கை மாறி விற்கப்படும் சரக்குதான். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதையும் 1930இல் சொல்லிவிடுங்கள்.